பியர் டின்களுக்கு ஒரு பொதுப் பட்டியல்: ஷீட், பார்கோடு, விக்கி… எது ஒத்துவரும்?

கோலாலம்பூரில் மூன்று பேர், பினாங்கில் இரண்டு பேர், ஆளுக்கு நூறு இருநூறு என்று காலி பியர் டின் சேர்த்து வைத்திருக்கிறோம். அதற்கு வீட்டில் வாங்கும் திட்டு தனிக் கதை. இத்தனை நாளும் வாட்ஸ்அப்பிலேயே ஓட்டினோம்: ஒருவர் படம் போட்டு "இது எந்த வருஷம்?" என்பார், யாராவது பதில் சொல்வார்கள், ஆறு மாதம் கழித்து அதே டின், அதே கேள்வி. எல்லோரும் சேர்ந்து எழுதுகிற ஒரு தரவுத்தளம் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எதில் கட்டுவது என்பதில்தான்.

கருவிக்குப் போகும் முன் டின்னைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கணும். போன மாதம் பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் எங்கள் ஜெலுத்தோங் அங்கிள் இரண்டு டைகர் டின் வாங்கினார். எட்ட வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கவாட்டில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தால் ஒன்றில் மலாயன் புரூவரிஸ், மற்றதில் ஏசியா பசிபிக் புரூவரிஸ். அந்தச் சிங்கப்பூர் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது 1990-ல், ஆக எது அண்ணன் எது தம்பி என்று தெரிந்துவிட்டது. நம் நாட்டு டின்களிலும் இதே கதைதான்: கின்னஸ் ஆங்கர் பெர்ஹாட் என்றிருந்தால் 1989-க்கு முன்னால் போக முடியாது, ஹைனகன் மலேசியா என்றிருந்தால் 2016-க்கு முன்னால் போக முடியாது. சரி, அந்த இரண்டு டைகரும் பட்டியலில் ஒரு பதிவா, இரண்டா? இதற்குப் பதில் சொல்ல முடியாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி.

கூகுள் ஷீட்டில்தான் ஆரம்பித்தோம். செலவு இல்லை, சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, ஒரு கோடி கட்டம் வரை தாங்கும், நம் ஐந்து பேர் டின்னுக்கு அது ஏழு ஜென்மத்துக்குப் போதும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரும் படிப்பார்) நாடு என்ற ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிட்டார். மற்ற பத்திகள் அசையவில்லை. ஷா ஆலாம் கார்ல்ஸ்பெர்க் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனது, ஜப்பான் டின் எல்லாம் மலேசியா ஆனது. பழைய பதிப்பை மீட்கலாம்தான், ஆனால் நாங்கள் கண்டுபிடித்தது இரண்டு நாள் கழித்து, அதற்குள் அங்கிள் முப்பது டின் புதிதாக ஏற்றியிருந்தார். மீட்டால் அந்த முப்பதும் போய்விடும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்து மீட்டு மறுபடி ஒட்டினோம், ஒரு ராத்திரி போனது. ஒரு டின்னின் வரலாற்றை மட்டும் தனியாகப் பின்னோக்கி நகர்த்த ஷீட்டில் வழியில்லை.

ஏர்டேபிள் என்ற இணையப் பட்டியல் கருவி பார்க்க லட்சணமாக இருக்கிறது, படமும் நன்றாகத் தெரிகிறது. இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு, அதாவது ஒரு தரவுத்தளத்துக்கு, 1,000 பதிவுதான். அத்தோடு விட்டோம்.

பார்கோடு வழியைச் சொன்னவர் எங்கள் கூட்டத்தில் வயதில் சின்னவர். போனைக் காட்டினால் டின் தானாக ஏறிவிடும் என்றார். 2012-ல் பிரான்சில் தொடங்கிய ஓப்பன் ஃபூட் ஃபேக்ட்ஸ் இப்படித்தான் இயங்குகிறது, தரவும் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, உணவுப் பொருளுக்கு அது பிரமாதம். நமக்குச் சரிவராது. அமெரிக்காவில் குரூகர் பியர் முதன்முதலாக டின்னில் விற்பனைக்கு வந்தது 1935 ஜனவரி, கடையில் முதல் பார்கோடு ஸ்கேன் ஆனது 1974, நடுவில் கிட்டத்தட்ட நாற்பது வருஷ டின்களை என்ன செய்வது? புது டின்னிலும் சிக்கல் உண்டு. சீனப் புத்தாண்டுக்கு ஓவியம் மாறும், அதற்காகப் பார்கோடும் மாறும் என்று உத்தரவாதம் இல்லை. கடைக்காரருக்கு அது ஒரே சரக்கு, நமக்கு வேறு டின்.

வேறு ஒரு கம்பெனியின் தளத்தில் போய் ஏற்றிவிட்டால் என்ன என்ற யோசனையும் வந்தது. வேலை மிச்சம்தான். ஆனால் இசைக் குறுந்தட்டுகளுக்கு சிடிடிபி என்று ஒன்று இருந்தது, ஊர் உலகத்து ஆட்கள் பாட்டுப் பெயர்களைச் சும்மா தட்டச்சு செய்து நிரப்பினார்கள், 1998-ல் அது ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டது, பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறி உரிமத்தையும் இறுக்கியது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த இசைத் தரவுத்தளம். மொத்தத் தரவையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டு வெளியேற முடியாத இடத்தில் ஒரு டின்கூட ஏற்றக் கூடாது என்று நான் சொன்னபோது எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மிஞ்சியது மீடியாவிக்கி, அதாவது விக்கிப்பீடியா ஓடுகிற அதே மென்பொருள். டின்னுக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வரலாறு, ஒருவர் கெடுத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பலாம், வருஷத்தில் சண்டை என்றால் பேச்சுப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். கார்கோ என்ற நீட்சியை (கூடுதல் மென்பொருள்) சேர்த்தால், வார்ப்புருவில் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான படிவம்) எழுதுவது அட்டவணையாகவும் சேமிப்பாகும், "1990-க்கு முந்தைய இரும்பு டின் எல்லாம் காட்டு" என்று கேட்கலாம். குறை என்னவென்றால் சர்வர் வாடகை நம் தலையில், மேம்படுத்தும் வேலையும் நம் தலையில், அதோடு விக்கியில் எழுதப் போடும் அந்த இரட்டை அடைப்புக்குறி சமாசாரத்தைப் போனில் தட்டச் சொன்னால் அங்கிள் சங்கத்தைவிட்டே போய்விடுவார். விக்கிப்பீடியாவின் தரவுக் கிடங்கான விக்கித்தரவுக்குப் பின்னால் இருக்கும் விக்கிபேஸ் மென்பொருள் இதைவிடக் கில்லாடி, ஆனால் ஐந்து பேருக்கு அது எறும்பு கடித்ததற்கு ஆபரேஷன் தியேட்டர்.

என் ஓட்டு ஷீட்டுக்கும் மீடியாவிக்கிக்கும் பாதிப் பாதி. உள்ளே வருவது கூகுள் ஃபார்ம் வழியாக: நான்கு படம் (முன், பின், மேல், அடி), மில்லிலிட்டர், காந்தம் ஒட்டுகிறதா (ஒட்டினால் இரும்பு), திறக்கும் வளையம் கையோடு வருகிறதா டின்னிலேயே தங்குகிறதா, பொடி எழுத்தில் கம்பெனி பெயர். வருஷத்தை ஃபார்மில் கேட்பதே இல்லை, கேட்டால் ஆளாளுக்கு ஊகத்தை எழுதுவார்கள். ஃபார்மில் நிரப்புவது ஷீட்டில் வந்து விழும், வாரம் ஒரு முறை ஒருவர் சரிபார்த்து விக்கியில் ஏற்றுவார், ஷீட் வெறும் வாசல்படி. அடிப் படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சேகரிப்பவர்கள் மேல்மூடி கெடாமல் இருக்க அடியில் துளை போட்டுத்தான் பியரை ஊற்றுவார்கள், அந்தத் துளை ஒழுங்காக இருக்கிறதா என்பதும் தரத்தில் சேர்த்தி.

ஒரு பதிவா இரண்டா என்ற சண்டைக்கு வழி டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தரவுத்தளத்திடமிருந்து எடுத்தது. இசைத்தட்டுக்காரர்கள் அங்கே ஒரு ஆல்பத்துக்குத் தாய்ப் பதிவு ஒன்று வைத்து, ஒவ்வொரு வெளியீட்டையும் அதன் கீழே பிள்ளையாகத் தொங்கவிடுகிறார்கள். அங்கிளின் டைகர் இப்போது 0041-அ, 0041-ஆ. அவர் இன்னும் ஃபார்மைத் தொடவில்லை, நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார், செந்தூலில் உட்கார்ந்து நான் தட்டுகிறேன்.