லாங் ஷாட், மிட் ஷாட், க்ளோஸ்-அப்: ஒரு தாய், மூன்று தூரங்கள்

1936-ல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லேங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைப் பலர் க்ளோஸ்-அப் (முகம் மட்டும் நிறைந்திருக்கும் படம்) என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். அது மிட் ஷாட்தான், அதாவது ஏறக்குறைய இடுப்புக்கு மேல் தெரியும் படம். அந்தத் தாயை அவர் எட்ட நின்றும் கிட்டப் போயும் எடுத்த மற்றப் படங்களும் பத்திரமாக இருப்பதால், எந்தத் தூரம் எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று அவற்றை வைத்தே ஒப்பிடலாம்.

எட்ட நின்று எடுத்த லாங் ஷாட்டில் கிழிசல் கூடாரம், தட்டுமுட்டுச் சாமான், பதின்வயது மகள் எல்லாம் தெரிகின்றன. இவர்கள் யார், எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால் இந்தப் படம்தான் பதில் சொல்லும். ஆனால் முகம் சின்னதாகிவிடுகிறது. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது.

மிட் ஷாட்டில் கூடாரம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. மடியில் கைக்குழந்தை, இரு தோளிலும் முகம் திருப்பிச் சாய்ந்த பிள்ளைகள், கன்னத்தருகே ஒரு கை. என் கணிப்பில் படத்தைத் தாங்குவது அந்தக் கைதான். (கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரலும் விழுந்திருந்தது. லேங் அதைப் பிற்பாடு நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார். ஃப்ரேம் இறுக இறுக ஓரத்தில் கிடப்பதெல்லாம் உறுத்த ஆரம்பிக்கும்.)

இதையே ஓரங்களை வெட்டி (க்ராப் செய்து) க்ளோஸ்-அப்பாக்கிப் பாருங்கள். நெற்றிச் சுருக்கமும் பார்வையும் மிஞ்சும். குழந்தைகள் போய்விடுவார்கள், அவரைத் தாய் என்று சொல்ல எதுவும் இருக்காது. முகபாவம் ஒன்றே போதும் என்கிற இடத்துக்குத்தான் க்ளோஸ்-அப் சரி. ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் நான் மிட் ஷாட் பக்கம்.

அப்புறம், நடந்து நெருங்குவதும் ஜூம் செய்வதும் ஒன்றல்ல. நடந்தால் முன்னால் இருப்பது பெருக்கும், அதோடு ஒப்பிட்டால் பின்னணி சிறுத்துத் தெரியும். ஜூமில் அந்த விகிதம் மாறாது, காட்சி வெட்டுப்படும், அவ்வளவே. ஃபோனின் சாதாரண லென்ஸை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு புடைத்துத் தெரிவதும் தூரம் குறைந்ததால்தான். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். இடுப்புக்கு மேல் எடுக்கும்போது மணிக்கட்டில் வெட்டாமல் கையை முழுசாக உள்ளே விடுங்கள்.