தள்ளிப்போடும் வழக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கு: போகலாமா?

"உங்கள் விருப்பம் எது என்று கண்டுபிடியுங்கள், தள்ளிப்போடும் வழக்கம் தானாக நின்றுவிடும்" என்ற அறிவிப்போடு நாகர்கோவிலில் நடத்தப்படும் ஒருநாள் பயிலரங்கில் அண்மையில் கலந்துகொண்டேன். முற்பகலில் மண்டபத்தில் வகுப்பு, பிற்பகலில் மாவட்டத்துக்குள் ஏதேனும் ஒரு தொழில் நடக்கும் இடத்துக்குப் பயணம் என்று அமைத்திருக்கிறார்கள். மதிய உணவும் வேன் செலவும் சேர்த்து 1,200 ரூபாய் கட்டணம். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், கடை நடத்துபவர்கள், வீட்டிலிருந்தே தையல் எடுத்துச் செய்யும் பெண்கள் எனப் பலரும் வந்திருந்தார்கள். கொடுத்த பணம் வீண் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், அறிவிப்பு அளித்த உறுதி ஒன்று, எனக்குக் கிடைத்த பயன் வேறொன்று.

முற்பகல் வகுப்பின் முதல் பாதி நேர்த்தியாக இருந்தது. வேலையைத் தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்றே வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்திருப்பதால், அது ஒரு குணக்கேடு என்ற எண்ணம் நம்மில் ஊறிப்போயிருக்கிறது. ஒரு வேலையை நினைத்ததும் எழுகிற பயம், சலிப்பு, குழப்பம் ஆகியவற்றிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பிப்பதற்காகவே மனம் வேறொன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று உளவியல் ஆய்வாளர்களான ஃபூஷியா சிரோயும் டிமதி பிச்சிலும் 2013இல் எழுதிய விளக்கத்தைப் பயிற்சியாளர் எளிய தமிழில் எடுத்துச் சொன்னார். பியர்ஸ் ஸ்டீல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில் முதன்மையாகக் குறிப்பிட்ட காரணங்களான வேலையின் மீதுள்ள வெறுப்பு, பலன் கிடைக்கும் நாளின் தொலைவு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையின் குறைவு, கணத்துக்குக் கணம் தாவுகிற மனம் ஆகியவற்றைப் பலகையில் எழுதி, அவரவர் தள்ளிப்போட்டுவரும் வேலையை அவற்றோடு பொருத்திப் பார்க்கச் சொன்னார். பட்டா மாறுதலுக்கு மனுப் போடாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்துவரும் ஒரு கடைக்காரர், தம்மிடம் எல்லாக் காரணங்களும் இருப்பதாகச் சொன்னபோது மண்டபமே சிரித்தது.

இரண்டாம் பாதியில் வகுப்பு சரிந்துவிட்டது. பணம் ஒரு பொருட்டே இல்லையென்றால் என்ன செய்வீர்கள், சிறுவயதில் நேரம் போவதே தெரியாமல் எதில் மூழ்கியிருந்தீர்கள் என்பன போன்ற கேள்விகள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, அதை நிரப்பி முடிக்கும்போது நம் விருப்பம் எது என்று தெரிந்துவிடும் என்றார்கள். பெரும்பாலோர் ஊர் சுற்றுவது, பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் என்று எழுதினார்கள். தையல் தொழில் செய்யும் ஒரு பெண்மணி மட்டும் ஆரி வேலைப்பாடு தம் உயிர் என்று எழுதியிருந்தார். அதற்கான சட்டமும் ஊசியும் ஜரிகையும் வாங்கி அலமாரியின் மேல் வைத்தவர், இன்றுவரை அவற்றைக் கீழே இறக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். பயிற்சியாளர் அவரைப் பாராட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். என் பார்வையில் அந்த நாளின் முக்கியமான இடம் அது. தம் விருப்பம் எது என்று நன்றாகத் தெரிந்த ஒருவரே அதைத் தொடாமல் வைத்திருக்கிறார் என்றால், பயிலரங்கின் விளம்பர வாசகம் அங்கேயே உடைந்துபோகிறது. மிகவும் நேசிக்கிற வேலையில்தான் அது நன்றாக வராமல் போய்விடுமோ என்ற அச்சமும் மிகுதியாக இருக்கும். விருப்பம் என்பது முன்பே உள்ளே இருந்து கண்டெடுக்கப்பட வேண்டிய ஒன்று என்று நம்புகிறவர்கள், அந்தத் துறை கடினமாகத் தொடங்கியதும் ஆர்வத்தை எளிதில் இழக்கிறார்கள் என்று பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகியோர் 2018இல் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளைத் தயாரித்தவர்கள் இதைப் படித்திருக்கலாம்.

பிற்பகல் பயணமே இந்தப் பயிலரங்கின் உயிர். சில வாரங்களில் மயிலாடிக் கல்சிற்பக் கூடத்துக்கும், சில வாரங்களில் வடசேரியில் கோயில் நகை செய்யும் பட்டறைக்கும் அழைத்துப் போவார்களாம். எங்கள் குழுவுக்கு மார்த்தாண்டத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துத் தேன்பெட்டிகள் வாய்த்தன. அந்தப் பகுதியில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக நடத்திய ஊரகப் பணிகளில் தேனீ வளர்ப்பும் ஒன்று; அதன் பிறகு அது வீட்டுத் தொழிலாகவே வேரூன்றிவிட்டது. பெட்டிகளின் உரிமையாளர் ஒரு மூடியைத் திறந்து, புகை காட்டி, ஈ மொய்த்த சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் ஊறும் மதுவே இங்கே தேனாகிறது என்பதும், அந்தச் சில வாரங்களுக்குள் தேனீக் கூட்டம் வலுவாக இருந்தாக வேண்டும் என்பதும் பலருக்குப் புதிய செய்தி. அடையின் ஓரத்தில் ராணி அறை கட்டப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் விட்டால், முட்டையிலிருந்து புது ராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள்தான். அதற்கு முன்பே பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்துவிடும். "நாளைக்குப் பாத்துக்கலாம்ணு விட்டா, நாளைக்குப் பெட்டி இருக்கும், ஈ இருக்காது" என்று அவர் சொன்னபோது, காலையில் கேட்ட ஆய்வுகள் அனைத்தும் ஒரு வரிக்குள் வந்துவிட்டதாகத் தோன்றியது. பலன் கிடைக்கும் நாள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் வேலையில் தள்ளிப்போட இடமே இல்லை.

தேர்வுக்குப் படிக்கும் ஓர் இளைஞர், "அண்ணாச்சி, சின்ன வயசிலேயே இதுல ஆசையா?" என்று கேட்டார். "ஆசையா? அப்பாவுக்குப் பயந்து, கொட்டு வாங்கி அழுதுகிட்டுதான் மக்களே தொடங்கினேன்" என்று பதில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, தேனீப் புழுக்கள் பைபோல ஊதிச் செத்துப் பெட்டிகள் வரிசையாகக் காலியானபோது, எஞ்சிய சில கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கிய அந்தக் காலத்தில்தான் இந்தத் தொழில் தமக்குப் பிடித்துப்போனது என்றார். விருப்பம் முதலில், உழைப்பு பிறகு என்று முற்பகலில் எங்களுக்குச் சொல்லப்பட்ட வரிசையை அவர் தலைகீழாக்கிவிட்டதை ஏற்பாட்டாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏனெனில், மண்டபத்துக்குத் திரும்பியதும் "என் விருப்பத்தைப் பின்தொடர்வேன்" என்று அச்சிட்ட உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். எப்போது, எங்கே, எப்படித் தொடங்குவேன் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது செயலில் இறங்க உதவும் என்று பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதியது இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. உறுதிமொழித் தாளில் நாளும் நேரமும் எழுத ஒரு கோடு விட்டிருந்தால்கூடப் போதுமானதாக இருந்திருக்கும். பட்டா மாறுதல் போன்ற, யாருக்கும் ஒருபோதும் பிடிக்கப்போவதில்லாத வேலைகளை என்ன செய்வது என்பதற்கு நாள் முழுவதும் விடையே இல்லை. தொடர் வழிகாட்டல் என்று அவர்கள் குறிப்பிடும் வாட்ஸ்அப் குழுவில் இதுவரை காலை வணக்கப் படங்களே வருகின்றன.

உணவைக் குறை சொல்ல முடியாது. சம்பா அரிசிச் சோறும் தீயலும் அவியலும் வீட்டுச் சுவையோடு இருந்தன. மண்டபத்தின் ஒலிபெருக்கி பின்வரிசையில் இரைந்தது.

எதில் இறங்குவது என்று தெரியாமல் இருப்பவர்கள் பிற்பகல் பயணத்துக்காகவே இதில் சேரலாம். எது என்று தெரிந்தும் கை வைக்காமல் இருப்பவர்களுக்கு முற்பகலின் முதல் பாதி உதவும். தேன்பெட்டிப் பயணத்தை விரும்புகிறவர்கள் மாசி, பங்குனியில் பதிவு செய்வது நல்லது. ஆனி, ஆடி மழையில் போனால் ஈக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைப்பதை மட்டுமே பார்த்துத் திரும்ப நேரும். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்தவர்கள் காலையில் நாகர்கோவிலுக்கு வந்து, பிற்பகலில் அதே வழியில் மார்த்தாண்டத்துக்கே வேனில் போய், மாலையில் கையெழுத்துப் போட மறுபடியும் நாகர்கோவிலுக்கு வர வேண்டியிருக்கிறது. அங்கேயே இறங்கிக்கொள்ள முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.