வர்ஜின் தீவுகளா, கிரெனடைன்ஸா? பாய்ப்படகில் ஒரு வாரம்

கரீபியனில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துச் சுற்ற நினைப்பவர்களில் பலர் கடைசியில் இந்த இரண்டு பெயர்களில் வந்து நிற்பார்கள்: பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், கிரெனடைன்ஸ். கடற்கரைப் படங்களை வைத்து முடிவெடுக்கவே முடியாது. இரண்டிலும் அதே வெள்ளை மணல், அதே நீலப்பச்சைத் தண்ணீர். ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

வர்ஜின் தீவுகளின் நடுவே சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய் ஓடுகிறது. வடக்கே டார்டோலா, தெற்கே நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர் என்று வரிசையாகத் தீவுகள். காற்று வரும், அட்லாண்டிக்கின் பெரிய அலை உள்ளே நுழையாது. அடுத்த தீவு எப்போதும் கண்ணெதிரே இருக்கும், தூரமும் பெரும்பாலும் 10 கடல்மைலுக்குள். நங்கூரம் போடத் தயங்குபவர்கள் காசு கொடுத்து மிதவையில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம் அதிகம். மதியம் தாண்டிப் போனால் மிதவை கிடைப்பது சந்தேகம்தான், அதனால் காலையிலேயே ஓட வேண்டியிருக்கிறது. விடுமுறையில் பார்க்கிங் தேடுவது எனக்கு ஒத்துவராது.

கிரெனடைன்ஸ் வேறு மாதிரி: செயின்ட் வின்சென்ட்டுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே நீளும் தீவு வரிசை. செயின்ட் வின்சென்ட்டிலிருந்து முதல் தீவான பெக்வேவுக்கு 9 கடல்மைல்தான், ஆனால் நடுவில் மறைப்பே கிடையாது. நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் கீழ்க்காற்றுதான் இங்கே வியாபாரக் காற்று (trade wind). குளிர்காலத்தில் மணிக்கு 15, 20 கடல்மைல் வேகத்தில் நாள் கணக்கில் விடாமல் வீசும். நீரோட்டமும் சேர்ந்துகொண்டால் படகு ஆடும், வயிறு கலங்கும். பெக்வேயிலிருந்து டொபேகோ கேஸுக்கு சுமார் 25 கடல்மைல். தென்மேற்காகப் போவதால் காற்று பக்கவாட்டில் கிடைத்து, படகு சுகமாகப் பறக்கும். திரும்பி வரும்போதுதான் கணக்குத் தீர்க்க வேண்டும்: கிட்டத்தட்ட காற்றின் முகத்திலேயே ஏற வேண்டும். வடக்கே படகை எடுத்து, தெற்கே ஒப்படைக்கும் ஒருவழி வாடகை கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுத்துவிடுங்கள்.

அந்த ஆட்டத்துக்கெல்லாம் கூலி டொபேகோ கேஸ். ஆள் இல்லாத ஐந்து குட்டித் தீவுகள், கிழக்கே குதிரை லாடம் போல வளைந்த பவளத்திட்டு. அதன் பின்னால் படகை நிறுத்தினால் காற்று முழுசாக முகத்தில் அடிக்கும். அலை மட்டும் திட்டிலேயே உடைந்துவிடும். கண்ணெதிரே கடல் நுரைத்துக்கொண்டிருக்க, நாம் குளத்தில் மிதப்போம். ஆமைகள் வந்து போகும். இதற்கு ஈடாக வர்ஜின் தீவுகளில் ஓர் இடம்கூட எனக்குத் தோன்றவில்லை. அங்கிருக்கும் வர்ஜின் கோர்டா தீவின் பிரம்மாண்டமான கருங்கல் உருண்டைகளைச் சேர்த்தாலும்தான்.

காகித வேலை? கிரெனடைன்ஸின் தெற்கிலுள்ள யூனியன் தீவு செயின்ட் வின்சென்ட் நாட்டுடையது; எதிரே தெரியும் கரியாகு, கிரெனடா நாட்டைச் சேர்ந்தது. போவதற்கு முன் இங்கே வெளியேறும் முத்திரை, அங்கே நுழையும் முத்திரை. டார்டோலாவுக்குப் பக்கத்திலிருக்கும் செயின்ட் ஜான் அமெரிக்காவுடையது, இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா இல்லாமல் எட்டிப் பார்க்க முடியாது.

புயலில் இரண்டுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2017 செப்டம்பரில் இர்மா வர்ஜின் தீவுகளை நொறுக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் யூனியனையும் கரியாகுவையும் தரைமட்டமாக்கியது. ஜூன் முதல் நவம்பர் வரை இரண்டும் வேண்டாம்.

படகோட்டத்தில் அனுபவம் உள்ளவருக்கு கிரெனடைன்ஸ் என்பேன். முதல்முறை, கூடவே குழந்தைகள் என்றால் வர்ஜின் தீவுகள். ஆனால் அங்கேயும் ஒரு நாளை அனெகாடாவுக்கு ஒதுக்குங்கள். வர்ஜின் கோர்டாவிலிருந்து வடக்கே திறந்த கடலில் 12 கடல்மைலுக்கு மேல். மற்ற தீவுகள் மலை; இது 8 மீட்டர் சொச்சம் உயரமுள்ள தட்டைப் பவளத்தீவு, கிட்டே போகும்வரை கண்ணில் படாது. சுற்றியுள்ள திட்டில் எத்தனையோ கப்பல்கள் சிக்கி மூழ்கியிருக்கின்றன, வழியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். போய் சிங்கி இறால் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் படகில் இருப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். யாரும் கோபமாக இல்லை என்றால் அடுத்த வருடம் பெக்வேவுக்கு டிக்கெட் போடலாம்.