‘அட்மின் அழித்தார்’: ஒரு குரூப் அட்மினின் அனுபவம்

தோழி ஒருத்தியை அவள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் ஆக்கிவிட்டார்களாம். “அடுத்தவங்க மெசேஜை அழிக்கிற வசதி உங்களுக்கு உபயோகமா இருக்காக்கா?” என்று கேட்டாள். 2020-லிருந்து 180 வீட்டுக் குரூப்பை மேய்க்கிறவள் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

2017-இல் அழிக்கும் வசதி வந்தபோது, போட்டவர் மட்டும்தான் அழிக்கலாம், அதுவும் 7 நிமிடத்துக்குள். அட்மினுக்கு அந்த அதிகாரம் 2022-இல்தான் கிடைத்தது. அதுவரை ராத்திரி பதினோரு மணிக்குப் போட்டவரையே எழுப்பி, “சார், அதைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்” என்று கெஞ்சியிருக்கிறேன்.

அழித்த இடத்தில் எந்த அட்மின் அழித்தார் என்று பெயரோடு ஒரு வரி நிற்கும். எங்கள் குரூப்பில் மூன்று அட்மின்கள். ‘நான் இல்லை, அவர்தான்’ என்று நாங்கள் நழுவ முடியாமல் செய்தது அந்த வரிதான். நேர்மையான ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன்.

என் உயிரை எடுப்பதும் அதே வரிதான். சர்க்கரைக்கு மாத்திரையை விட்டுவிட்டு வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடிக்கச் சொன்ன ஃபார்வர்டை நாலு பேர் படித்திருந்தால் அதிகம். அழித்த மறுநிமிடம் “என்ன மேடம் அழிச்சீங்க?” என்று ஆரம்பித்தார்கள். ஆண்ட்ராய்டில், வந்த அறிவிப்புகளைச் சேர்த்து வைக்கும் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை ஆன் செய்து வைத்திருக்கும் மூன்றாம் மாடிக்காரர், அதைத் தோண்டியெடுத்து ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பப் போட்டார். அப்புறம் குரூப்பே உட்கார்ந்து படித்தது.

எச்சரிக்கை கொடுக்க என்று தனிப் பொத்தான் கிடையாது. அழிக்கலாம், ஆளை வெளியேற்றலாம், இல்லையென்றால் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டலாம். பராமரிப்புக் கட்டணச் சண்டையில் ஒருமுறை பூட்டினேன். அரை மணி நேரத்தில் நான் இல்லாத இன்னொரு குரூப் முளைத்துவிட்டது. பெரியவர் ஒருவரைக் குரூப்பிலேயே கண்டித்தேன், இரண்டு மாதம் லிஃப்டில் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

இப்போதெல்லாம் முதலில் போன், அப்புறம்தான் அழிப்பது. “அங்கிள், அது பொய்ச் செய்தியாம்.” அந்த ‘ஆம்’ முக்கியம். வேறு யாரோ சொன்ன மாதிரி ஆகிவிடும், அவருக்கும் மரியாதை குறையாது.

உறுப்பினர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது. நீதிமன்றம் விட்டாலும் எங்கள் அசோசியேஷன் செயலாளர் விடமாட்டார்.

சரி, கேட்டதற்குப் பதில்: நல்ல வசதி, தாராளமாகப் பயன்படுத்து. நான் பொங்கல் முடிந்ததும் அட்மின் வேலையிலிருந்து இறங்குகிறேன். நேற்று ஒன்றை அழித்தேன். என் பெயர் நிற்கும் வரிக்குக் கீழே இதுவரை பதினேழு கேள்விக்குறி.