துடைத்து விற்ற வேன்

பழைய மினிவேன் தேடிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஏழு பேருக்கு இடம் வேண்டும், கையில் இருப்பதோ குறைவு. அப்படிப்பட்ட அவசரத்தில் இருந்த எங்களை ஏமாற்ற விற்றவருக்கு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஸ்கேனரே போதுமானதாக இருந்தது.

நாங்கள் கேட்பதற்கு முன்பே அவராகவே ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகி, "பாருங்கள், ஒரு கோளாறும் இல்லை" என்று திரையைக் காட்டினார். உண்மைதான், பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பானெட்டில் கை வைத்தால் சுட்டது. "இப்போதுதான் கழுவிக்கொண்டு வந்தேன்" என்றார். சரி என்று காலி வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். பட்டனைத் தட்டியதும் பக்கவாட்டுக் கதவு தானாக நகர்ந்து திறந்தது. பிள்ளைகள் அதற்குள் பின்சீட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

நான்காம் நாள் பெட்டி, படுக்கையோடு எல்லோரும் கிளம்பினோம். முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு மேட்டில் மிதிக்க மிதிக்க எஞ்சின் உறுமியதே தவிர வண்டி ஏறவில்லை. விளக்கும் எரிந்தது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

மெக்கானிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை, அதாவது எண்ணெய் பார்க்கும் கம்பியை, உருவிக் காட்டினார். சிவப்பாகத் தெளிந்திருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துப் போய்த் தீய்ந்த வாடை அடித்தது. உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்துவிட்டன. எண்ணெய் சூடேறி இளகினால் அழுத்தம் குறைந்து தகடுகள் வழுக்கும், காலி வண்டியில் பத்து நிமிடத்தில் அது வெளியே தெரியாது என்றார். சரிசெய்ய அவர் சொன்ன தொகை கிட்டத்தட்ட வண்டி வாங்கிய விலை.

ஸ்கேனர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? தம்பிக்குக் காட்ட அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். மெக்கானிக் அதைப் பெரிதாக்கிக் கீழ் வரியைக் காட்டினார். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் போன்றவற்றை வண்டி தானே சோதித்துக்கொள்ளும் 'ரெடினெஸ் மானிட்டர்'கள் பெரும்பாலும் 'முடியவில்லை' என்று இருந்தன. குறியீடுகளை அழித்தால் இந்தச் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். எல்லாம் முடிய வண்டி சில நாட்களாவது பலவிதமாக ஓட வேண்டும். நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால்தான் யாரோ துடைத்திருக்கிறார்கள். (பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இப்படி ஆகும். அந்தச் சாக்கைச் சொன்னால் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.)

விற்றவரைக் கூப்பிட்டேன். "நீங்கள்தானே ஓட்டிப் பார்த்து எடுத்தீர்கள்" என்றார். எழுதிக் கொடுத்த காகிதத்தில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரியில் என் கையெழுத்து இருந்தது. அதற்கு மேல் நான் என்ன பேச?

நஷ்டத்துக்கு அதைத் தள்ளிவிட்டு அடுத்த வேன் தேடியபோது, ஆறிய எஞ்சினில் தெரியும் கோளாறை முன்பே சூடேற்றி மறைத்துவிடக் கூடாதே என்று, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னோம். ஒருவர் அதைக் கேட்டதோடு சரி, அப்புறம் போனை எடுக்கவே இல்லை. இன்னொருவர் சம்மதித்தார். ஆறிய எஞ்சினை நாங்களே ஸ்டார்ட் செய்து, வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றி, முக்கால் மணி நேரம் ஓட்டினோம். சீட் பெல்ட்டுகளைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டி அங்கேதான் மாட்டும். எங்கள் மெக்கானிக் வண்டியைத் தூக்கி, பின்பக்க ஏசிக்குப் போகும் குழாய்கள் அரித்திருக்கின்றனவா என்று பார்த்தார்.

எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் மட்டும் வண்டிக்காரரிடம் இல்லை. பல வண்டிகளில் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டியது அது. அறுந்தால் பெரும்பாலும் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எஞ்சினே போய்விடும். மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே கழித்தார்.