மடக்குக் கத்தியின் இரண்டாம் அலகு: மூக்கு வேண்டுமா, வேண்டாமா?

மடக்குக் கத்தி வாங்கப் போனால் எல்லோரும் பெரிய அலகைத்தான் விரித்துப் பார்ப்போம். அது பெரும்பாலும் நுனி கூர்த்த கிளிப் (முதுகு நுனியருகே செதுக்கின மாதிரி இறங்குவது) அல்லது ஸ்பியர் (ஈட்டி முனை) வடிவமாக இருக்கும். அதில் பெரிதாக ஏமாற வழியில்லை. பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் சின்ன அலகில்தான் காசு வீணாவதும் ஆகாததும். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஸ்டாக்மேன் கத்தியை (கிளிப், ஷீப்ஸ்ஃபுட், ஸ்பே என்று மூன்று அலகு உள்ளது) ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு வருஷம் வைத்திருந்ததில் எனக்குப் புரிந்தது இது.

முதலில் பென் அலகு. நம் ஊரில் எந்த மடக்குக் கத்தியும் பேனாக்கத்திதான். இறகுப் பேனாவின் முனையைச் சீவ ஐரோப்பாவில் வைத்திருந்த கத்தியிலிருந்து வந்த பேர். (நம்மிடமும் அதற்கு ஒரு பங்காளி உண்டு: ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி.) இறகு போய்விட்டது, அலகு தங்கிவிட்டது. 91 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் கத்திகளில் பெரிய அலகுக்குத் துணையாக இருக்கும் குட்டி அலகு இந்த வகைதான். என் குறை என்னவென்றால், பெரிய அலகு செய்யும் வேலையையே இதுவும் கொஞ்சம் குட்டியாகச் செய்யும். கால் பாதத்தில் சீமைக்கருவேல முள் ஏறினால் மட்டும் இதன் அருமை தெரியும். நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஷீப்ஸ்ஃபுட் கதை வேறு. பேரிலேயே ஆட்டுக் குளம்பு இருக்கிறது. வாய், அதாவது வெட்டும் விளிம்பு, அடியிலிருந்து நுனிவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். முதுகு நுனிக்கு வந்ததும் வளைந்து வாயில் இறங்கிவிடும். குத்துவதற்கு நுனியே கிடையாது. ஆடுகிற கப்பலில் கயிறு அறுக்கும்போது தன்னையோ பக்கத்து ஆளையோ குத்திவிடக் கூடாது என்று மாலுமிகள் விரும்பிய வடிவம். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மடக்குக் கத்தியிலும் இந்த அலகுதான், கூடவே கயிற்று முடிச்சைப் பிரிக்க ஒரு முள்ளாணி.

இதை முதன்முதலில் விரித்துக் காட்டியபோது வள்ளம் வைத்திருக்கும் என் மாமா சிரித்தார். "என்ன மாப்ள, கத்திக்கு மூக்கையே காணோம்?"

தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அரை நாள் போய்வந்தோம். அதற்கப்புறம் அவர் அப்படிக் கேட்கவில்லை. தூண்டிலுக்குச் சாளையைத் துண்டு போடும்போது நேரான வாய் முழுசாகப் பலகையில் படிந்தது. வளைந்த வாயில் கடைசித் தோல் அறுபடாமல் தொங்கும். இதில் ஒரே அமுக்கு. விறைத்து நின்ற நைலான் கயிறும் அப்படித்தான். வலையில் சிக்கிய நண்டை எடுப்பதில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நூல் சுற்றிய இடத்தில் கூர்நுனியை நுழைத்தால் ஒரு கண்ணை அறுக்கப் போய் நாலு கண் போகும், சாயங்காலம் ஊசியும் நூலுமாக உட்கார வேண்டும். மழுங்கின நுனி அறுக்க வேண்டிய நூலோடு நிற்கிறது. சாணைக்கல்லில் தீட்டவும் இதைவிட லேசான அலகு கிடையாது. நேராக இழுத்தால் போதும்.

வார்ன்கிளிஃப் இதன் தம்பி. வாய் நேர்தான், முதுகு மட்டும் மெதுவாகச் சரிந்து கூர்முனையில் முடியும். முள் எடுக்கவும் ஆகும், அட்டைப்பெட்டி கிழிக்கவும் ஆகும். கரையில் கடை வைத்திருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெல்லிய முனை என்பதால் எதையாவது நெம்பினால் ஒடியும்.

ஸ்பே அலகை நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அதில் வருத்தம். கால்நடைக்குக் காயடிக்க உண்டான வடிவம் அது. வாய் முக்கால்வாசி நேராகப் போய் நுனியில் மேலே வளையும், முனை மொண்ணை. வேட்டையாடிய விலங்கைத் தோலுரிக்கவும் அமெரிக்காவில் வைத்துக்கொண்டார்கள். ட்ராப்பர் என்கிற இரண்டு அலகுக் கத்தியில் கிளிப்புக்குச் சம நீளத்தில் இது நிற்கும். சில பழைய கத்திகளில் 'சதைக்கு மட்டும்' என்று அலகிலேயே பொறித்திருப்பார்கள். அவ்வளவு மெல்லிசாகத் தீட்டியிருப்பார்கள். கணவாயின் உடலைப் பிளந்து விரித்துத் தோலை வழிக்க இதற்கு இணை நான் பார்க்கவில்லை. உள்ளே இருக்கும் ஓடு வெட்டுப்படாமல் சறுக்கிப் போகும். அதே அலகைப் பாறை மீனின் தலையில் வைத்து நெம்பிப் பாருங்கள், வாய் பல் விட்டுவிடும். வீட்டில் அரிவாள்மனை இருக்கும்போது கணவாய்க்கென்று தனி அலகு எதற்கு என்று அத்தை கேட்பது நியாயம்தான்.

அலகு கூடினால் இன்னொரு தொல்லையும் கூடும். நம் கரையில் உப்பும் மணலும் மடக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாக்மேனில் மூன்று அலகும் ஒட்டி ஒட்டி இருப்பதால் கழுவுவது பாடு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் விரித்து அலசி, காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் துருப்பிடிக்காது என்று விற்ற எஃகிலும் புள்ளி விழுகிறது. மீன் வழுவழுப்பு ஒட்டிய விரலால் நகப்பள்ளத்தைப் பிடித்துத் திறப்பது தனிக் கொடுமை.

ஆக, கடலுக்குப் போகிறவர் ஒரே கத்திதான் வாங்குவார் என்றால் கிளிப்பும் ஷீப்ஸ்ஃபுட்டும் சேர்ந்த இரண்டு அலகுக் கத்தி போதும். மூன்றாவதாக ஸ்பே கிடைத்தால் லாபம். பென் அலகுக்காகக் கூடுதல் காசு தரமாட்டேன், முள் எடுக்க ஊக்கு இருக்கிறது.

என் ஸ்டாக்மேன் இப்போது மாமாவின் மடியில் இருக்கிறது. திருப்பிக் கேட்டால், "மச்சானை இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லு மாப்ள" என்கிறார்.