ராக் மேடையில் தவிலா, சாம்பிள் பேடா?

கொடைவிழாவில் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ராக் பேண்டு தொடங்கினால், என்றைக்காவது அந்த அடியைப் பாட்டுக்குள் கொண்டுவரத் தோன்றத்தான் செய்யும். தவில்காரரையே மேடையேற்றுவதா, டிரம்மர் பக்கத்தில் சாம்பிள் பேடை (தட்டினால் பதிந்துவைத்த ஒலியை எழுப்பும் மின்கருவி) வைத்து ஒப்பேற்றுவதா?

தூக்கிப்போக பேடுதான் லேசு. ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் என்ற கருவியில் தட்ட ஒன்பது பேடு. தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு நாலு, இடப்பக்கமான தொப்பிக்கு மூணு, மிச்சம் ரெண்டில் உறுமி. ஒரே அடியைப் பதிந்து திரும்பத் திரும்பத் தட்டினால் தையல் மிஷின் சத்தம்தான் வரும். மெல்லடி, நடுவடி, வல்லடி என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒலி தொடங்குமுன் இருக்கும் மௌனத்தை ஒட்ட வெட்டுங்கள். 20 மில்லிசெகண்ட் மிஞ்சினாலும் அடி பின்னால் இழுக்கும். இவ்வளவு செய்தும் உறுமியில் பேடு தோற்றுவிடும். அது அடியே இல்லை, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் முனகல்; அழுத்தம் மாற மாறச் சுருதி ஏறி இறங்கும். பேடு எப்போதும் ஒரே மாதிரிதான் முனகும். போதாததற்கு, ஜெனரேட்டர் ஒரு நொடி தடுமாறினால் பேடு அணைந்து திரும்பவும் முதலிலிருந்து ஏறும். சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம்.

நேரடித் தவிலுக்கு வேலை அதிகம். வலந்தலையில் விரலில் மாட்டிய கூடு விழும் ஓசையும் டிரம் செட்டின் ஸ்நேரும் (சடசடக்கும் சின்ன டிரம்) ஒரே இடத்தில் மோதும். அந்தப் பாட்டில் டிரம்மர் ஸ்நேரை விட்டுவிட்டு கிக், ஃப்ளோர் டாம் என்ற கனத்த டிரம்களோடு நிற்பது நல்லது. இருபுறமும் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக், தோலிலிருந்து நாலு விரல் தள்ளி, கம்பு படாத சாய்வில். ஒரு மைக்கின் ஃபேஸை (ஒலியலையின் திசையை) திருப்பிப் பாருங்கள். எதில் தொப்பி கனக்கிறதோ அதையே வையுங்கள். பாடகருக்கு நேர் பின்னால் மட்டும் தவில் வேண்டாம், பாட்டு மைக்கில் தவில்தான் கேட்கும்.

கிளிக் டிராக்கையும் (காதில் ஒரே வேகத்தில் தாளம் தட்டும் பதிவு) மறந்துவிடுங்கள். முத்தாய்ப்பான கோர்வை நெருங்கும்போது தவில்காரர் கை சூடேறும், அந்த ஏற்றத்துக்குத்தானே கூப்பிட்டது! டிரம்மர் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும். 2018-ல் சென்னையில் முதல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு பறையை கிட்டாரோடு நேரடியாகத்தான் நிறுத்தியது.

நாயனமும் வருகிறதென்றால் முதலில் அதன் கட்டையை, அதாவது சுருதி அளவைக் கேளுங்கள். இரண்டரைக் கட்டை என்றால் டி ஷார்ப். கிட்டாரின் ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கினால், ஆறாம் கம்பியைத் திறந்து தட்டினாலே ஆதார சுருதி.

குற்றாலச் சாரல் காலத்தில் தோல் தொய்யும். போல்ட் வைத்த தவிலை ஸ்பேனரால் முறுக்கிவிடலாம். கயிறு கட்டிய உறுமிக்கு அனல் காட்ட வேண்டும்.

பங்குனி, சித்திரை, ஆடியில் தவில்காரர் தேதி கிடைக்காது. கொடைக்கு அட்வான்ஸ் வாங்கியிருப்பார். அப்போது அந்தப் பாட்டையே எடுத்துவிடலாம், பேடைத் தவிலாக நடிக்கவைக்க வேண்டாம். பாளையங்கோட்டைக் கூட்டம் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடும்.